வழி பார்க்கப் போன நாள்

கண்டியில் வாழ்கின்றவர்களுக்கு ஒரு பழக்கமுண்டு. வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் தலதா மாளிகையைக் காட்டுவர். வாவியைச் சுற்றி ஒருமுறை நடத்துவர். பேராதனைப் பூந்தோட்டத்திலே ஒரு பகற்பொழுதைக் கழிக்கச் செய்வர். மூன்றாம் நாள் பஸ் ஏற்றி வழியனுப்பி வைப்பர். அதற்கப்பால் கண்டியைச் சூழ்ந்த கிராமங்களிலே என்ன இருக்கிறதென்று கேட்டால், 'அங்கே வயலும் மரமுந்தான்' என்று சொல்லிவிடுவர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தவன்தான்.

எங்கள் பாடசாலை இலக்கிய மன்றத்துப் பிள்ளைகள் இவ்வாண்டு சுற்றுலாவுக்குக் கடற்கரை வேண்டாம், நடந்து பார்க்கக்கூடிய இடம் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் 38 பேர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகின்றவர்கள். அவர்களுடைய கோரிக்கையைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அச்சத்துக்குக் காரணமுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், புதிதாக ஆசிரியத் தொழிலுக்கு வந்த மிடுக்கிலே, வழி எதுவென்று முன்கூட்டிப் பாராமல் ஒரு வகுப்பை அந்தானை மலைக்கு அழைத்துச் சென்றேன். பிற்பகலில் மூடுபனி இறங்கிற்று. பத்தடிக்கு அப்பால் நின்ற பிள்ளை என் கண்ணுக்குத் தெரியவில்லை. இருட்டிய பின்னர் ஒரு தோட்டத்து லயத்து மக்கள் தீப்பந்தத்துடன் வந்து எங்களைக் கீழே இறக்கினார்கள். ஒருவருக்கும் ஆபத்தில்லை. ஆயினும் அன்றிரவு பெற்றோர் முகத்தில் விழித்ததை நான் இன்னும் மறந்தேனில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

ஆதலால் அதிபரிடம் ஒரு வார அவகாசம் கேட்டேன். 'நான் முதலிலே நடந்து பார்த்து வருகிறேன். நடக்கலாம் என்று எழுதித் தந்தால் நடப்போம். இல்லையேல் பஸ்ஸிலேயே போய் வருவோம்' என்றேன். அவரும் இசைந்தார்.

இந்த யோசனை என் சொந்த யோசனையன்று. இங்கிலாந்தில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவர், அங்குள்ள நம்மவர் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை கிராமப்புற நடை போகிறவர். நடைக்குச் சில நாள் முன்னதாகத் தாம் மட்டும் போய் அவ்வழியை முழுவதும் நடந்து பார்த்து விடுவாராம். எந்த வேலிப் படியில் முதியவர் ஏற மாட்டார், எந்த மேய்ச்சல் நிலத்தில் காளை நிற்கிறது, எந்தக் கிராமத்து மதுச்சாலையில் சேறு படிந்த சப்பாத்துடன் உள்ளே வர விடுவார்கள், தேவாலயத்துத் திறவுகோல் யார் வீட்டில் இருக்கிறது என்பனவெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் இருக்குமாம். அந்நாட்டில் தனியார் நிலத்தின் ஊடாகவும் பொதுமக்கள் நடந்து செல்லும் உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகள் உண்டு. அவ்வுரிமை இலகுவில் வந்ததன்று. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்திலே தொழிலாளர் நூற்றுக்கணக்கில் திரண்டு, தடையை மீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 1949 இல் நாட்டுப்புறப் பாதைகளை முறைப்படி பதிவு செய்வதற்குச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. வயல் வரம்பிலே நடப்பவனை யார் தடுப்பார்?

அந்த நண்பர் ஒருமுறை கொட்ஸ்வோல்ட் குன்றுகளிலே நடந்ததை எழுதியிருந்தார். சிப்பிங் கம்டன் என்ற ஊரில் தொடங்கி, அருகிலுள்ள புரோட் கம்டன் என்னும் சிற்றூரைக் கடந்தாராம். தேன்நிறக் கல்லாற் கட்டிய வீடுகள், கூரை வேய்ந்த குடில்கள், ஒரு பழைய மதுச்சாலை, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று சொல்லப்படும் நோர்மன் சிற்றாலயம், இப்போது யாரோ குடியிருக்கும் வீடு. 'வேறொன்றும் விசேடமில்லை' என்று முடித்திருந்தார். நான் உடனே பதில் எழுதினேன். விசேடமில்லையா? அந்த நோர்மன் சிற்றாலயத்திலேதான் ஆனந்த குமாரசுவாமி வாழ்ந்தார். வில்லியம் மொரிஸ் என்னும் கலைஞர் பயன்படுத்திய அச்சியந்திரத்திலே, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, தம் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை 425 பிரதிகளாக அவ்வூரிலேயே அச்சிட்டார். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி வழியிலே தமிழரான அவர், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த காலத்தில், கல்லை ஆராயச் சென்ற இடமெல்லாம் கைவினையாளரைக் கண்டார். கண்டி நாட்டுக் கிராமங்களைச் சுற்றிச் சேர்த்த செய்திகளே அந்நூல். பழைய கட்டடங்கள் கவனிப்பாரின்றி அழிவது கண்டு 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார்.

நண்பருக்கு எழுதி முடித்த பின்னர்தான் என் உள்ளம் என்னைக் குத்திற்று. ஆங்கிலக் கிராமத்தில் அச்சான நூலுக்கு அடிப்படையான ஊர்கள் எங்கே? உடுநுவரையிலும் யட்டிநுவரையிலும் அல்லவா? என் வீட்டிலிருந்து ஒரு மணிநேரப் பிரயாணம். அங்கே நான் ஒருமுறையேனும் காலால் நடந்ததுண்டா? மோட்டார் வண்டியில் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். அதை நடையென்று சொல்ல முடியாது.

எம்பெக்க தேவாலயம், லங்காதிலக விகாரை, கடலாதெனிய விகாரை என்னும் மூன்றையும் இணைக்கும் வழிதான் நான் எண்ணியது. கண்டியிலிருந்து எம்பெக்கைக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து வயலும் கிராமமுமாக நடந்து லங்காதிலகம் சேர்ந்து, மேலும் நடந்து கடலாதெனியாவைக் கண்டு, பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியை அடைந்தால் பஸ் கிடைக்கும். முழுவதும் நடந்தால் எட்டுக் கிலோமீற்றருக்கு மேற்போகாது.

என்னோடு இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். முன்னாளில் என் மாணவர். சிங்களம் என்னிலும் நன்றாகப் பேசுவார். என் முழங்கால் பழுதுபட்டிருப்பதை அறிந்து, கேளாமலே ஒரு தடியும் கொண்டு வந்திருந்தார். 'இது யாருக்குத் தம்பி?' என்றேன். 'நாய் துரத்தினால் உதவும், சேர்' என்றார். மரியாதை தெரிந்த பிள்ளை.

எம்பெக்கையில் இறங்கியபோது மணி எட்டாகியிருந்தது. தேவாலயத்துக்குப் போகும் வழியில் மரத்தைச் செதுக்கி விற்கும் கடைகள் சில. அவற்றுக்கிடையே ஒரு சிறு தேநீர்க் கடை. ஒரு முதிய அம்மையார் கடையை நடத்துகிறார். 'ஆச்சி' என்று அழைத்தோம். சிங்களத்திலும் தமிழிலும் அதே சொல். பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வந்தன. ஆங்கில நாட்டில் நடைகாரனுக்கு மதுச்சாலை எதுவோ, மலைநாட்டில் இத்தகைய கடை அது. பாடசாலைப் பிள்ளைகளை அழைத்து வரப் போகிறோம் என்றதும், 'எத்தனை பேர்? முதல்நாளே சொல்லிவிடுங்கள். திடீரென்று வந்தால் என்னிடம் பத்துக் கோப்பைதான் இருக்கிறது' என்றார். தம் பேரனுடைய தொலைபேசி எண்ணை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தார். என் குறிப்பேட்டில் முதலில் ஏறிய குறிப்பு அதுதான். பெண்பிள்ளைகளுக்குரிய வசதி பற்றியும் அவரிடமே விசாரித்தோம். சரித்திர நூல்களிலே இவ்விஷயம் எழுதப்படுவதில்லை; ஆனால் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவனுக்கு இதைவிட முக்கியமான சரித்திரம் வேறில்லை.

எம்பெக்க தேவாலயம் கதிர்காமத் தேவனுக்கு உரியது, நம் முருகன்தான். கம்பளையைத் தலைநகராகக் கொண்டு 1357 முதல் 1374 வரை ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் இது எழுந்தது. இதன் தோற்றத்துக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அயலூரைச் சேர்ந்த மேளகாரன் ஒருவன் தோல்நோய் நீங்கக் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு, நோய் தீர்ந்ததும் ஆண்டுதோறும் நடந்தே யாத்திரை சென்று வந்தானாம். முதுமை வந்தது, நடக்க முடியவில்லை. கந்தன் சந்நிதியில் அழுது முறையிட்டான். 'இனி நீ வர வேண்டாம். நான் உன் ஊருக்கு அருகே வெளிப்படுவேன்' என்று கனவிலே தேவன் சொன்னானாம். பின்னர் அரசமாதேவி ஒருத்தியின் தோட்டத்தில் கதுரு மரமொன்றை வெட்ட, இரத்தம் பெருகிற்று. அவ்விடத்தில் எழுந்ததே இத்தேவாலயம். இளம் ஆசிரியர் இக்கதையைச் சொன்னபோது என் முழங்காலைப் பாராமலே சொன்னார். எனக்கோ அந்த மேளகாரன்மேல் தனியானதோர் அன்பு பிறந்துவிட்டது.

மேள மண்டபத்து மரத்தூண்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இப்பத்தி போதாது. கம்பளை அரசனுடைய கொலுமண்டபத்திலிருந்து இவை கொண்டுவரப்பட்டன என்பது செவிவழிச் செய்தி. 514 வகை வேலைப்பாடுகள் உள்ளன என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். நான் எண்ணவில்லை. தழுவி நிற்கும் மல்லர், கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் புள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், குதிரை வீரன், ஆடும் நங்கை என ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு பாடம். யானையாகவும் காளையாகவும் மாறித் தெரியும் உருவமொன்றின் முன்னே நாங்கள் இருவரும் சிறு பிள்ளைகளைப்போல் வாதிட்டுக்கொண்டிருந்தோம். தலையை அண்ணாந்து பார்த்தால் கூரையின் முனையிலே வேறோர் அதிசயம். சரிந்து வரும் 26 கைமரங்களை ஒரே மர ஆணி கவ்விப் பிடித்திருக்கிறது. 'மடொல் குருப்பாவ' என்பது அதன் பெயர். கணித ஆசிரியரையும் அழைத்து வர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

தேவாலயத்துக்குச் சற்று அப்பால் பழைய வழிப்போக்கர் மண்டபம் ஒன்றின் கற்றூண்கள் நிற்கின்றன. சிங்களத்தில் அதனை 'அம்பலம' என்பர். அம்பலம் என்னும் நம் சொல்லை யார் யாருக்குக் கொடுத்தார் என்னும் ஆராய்ச்சியைப் புலவர்களுக்கு விட்டுவிடுவோம். கம்பளைக்கு நடந்தவன் இங்கே சுமையை இறக்கி, மடியிலிருந்த வெற்றிலையைப் பிரித்திருப்பான். அரை மணி நேரம் நானும் சுமையின்றியே இளைப்பாறினேன்.

அங்கிருந்துதான் உண்மையான நடை தொடங்கிற்று. வீட்டுத் தோட்டங்களின் ஊடாகப் பாதை வளைகிறது. தோட்டமென்றால் வேலியிட்டு வரிசையாக நட்ட தோட்டமன்று. பலா, கமுகு, கித்துள், கராம்பு, சாதிக்காய், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடி, நிழலிலே கோப்பி என்று காடும் வீடும் கலந்த தோட்டம். திடீரென்று மரங்கள் விலகி வயல் விரிகிறது. நெல் கதிர் ஈனும் பருவம். வரம்பு ஓரடி அகலந்தான். ஒருபுறம் நீர், மறுபுறம் பயிர். 38 பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகத்தான் போக வேண்டும். முன்னே ஒருவர், நடுவே ஒருவர், கடைசியில் ஒருவர் என ஆசிரியர் மூவர் வேண்டும். முதல்நாள் மழை பெய்திருந்தால் அட்டை உண்டு. சவர்க்காரக் கட்டி ஒன்றும் உப்பும் கொண்டு போக வேண்டும்.

இவ்விடத்தில் எனக்கு ரொபேட் நொக்ஸ் நினைவு வந்தது. இந்த உடுநுவரையிலேயே உள்ள எலதெத்த என்னும் ஊரில்தான் அவன் பல ஆண்டுகள் வாழ்ந்தான். 1660 இல், பத்தொன்பது வயதில், தந்தையோடு பிடிபட்டான். அடுத்த ஆண்டு தந்தை காய்ச்சலால் இறந்தார். இராசசிங்க மன்னன் இவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. கிராமங்களிலே பிரித்து வைத்து, ஊரார் உணவளிக்கச் செய்தான். நாடு முழுவதுமே சிறையாயிருந்தபோது மதில் எதற்கு? மலைநாட்டுப் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள், கணவாய்களிலே முட்கதவுகள், காவலர் அனுமதியின்றி எவரும் கடக்க இயலாது. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றான். நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். எலதெத்தவில் ஒரு துண்டு நிலமும் வாங்கினான்.

அவன் தப்பிய விதத்தை ஓடிய கதையாக நினைப்பவர் பலர். அஃது ஓடிய கதையன்று; வழி பார்த்த கதை. தானும் தோழன் ஸ்டீபன் ரட்லண்டும் நாடோடி வியாபாரிகளாகி, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்துகொண்டு வடக்கு நோக்கி நடந்தார்கள். ஒருமுறையன்று, ஆண்டுக்கணக்கில், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் அப்பால் போய், வழியை மனத்தில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வறட்சியாலும் நோயாலும் பலமுறை பாதியிலே மடங்கினார்கள். 1679 செப்டெம்பர் 22 ஆம் திகதி புறப்பட்டது தான் கடைசி நடை. அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டிலே நடந்து, ஒக்டோபர் 18 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலில் நம் நாட்டுச் சனங்களின் நாளாந்த வாழ்வு எத்துணை நுணுக்கமாக வருகிறது! கால்நடையாகப் பார்த்தவன் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

நொக்ஸ் மன்னார்க் கரைக்குத் தப்பிச் சென்ற திசைக்கு எதிர்த்திசையிலே, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு கூட்டம் நடந்தது. தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கோப்பித் தோட்டங்களை நாடி நடந்த கூட்டம். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்கள் பலர். அவர்களுக்கு வழி பார்த்துச் சொல்ல ஒருவரும் முன்னே போகவில்லை. எங்கள் 38 பிள்ளைகளிற் பெரும்பாலோர் அவர்களின் வழித்தோன்றல்கள். வரம்பில் நின்று இதை இளம் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய பாட்டனாரின் பாட்டனாரும் அவ்வழியே வந்தவராம்.

வயலின் நடுவிலிருந்து பார்த்தால் எதிரே பன்ஹல்கல என்னும் பெரும்பாறை. அதன் உச்சியிலே சுண்ணச்சாந்து பூசிய வெள்ளைக் கட்டடம். அதுவே லங்காதிலகம். மோட்டார் வண்டியில் வருபவனுக்கு இக்காட்சி கிட்டாது. பாறையில் வெட்டிய படிகள் செங்குத்தாகப் போகின்றன. எண்ணத் தொடங்கி, மூச்சு வாங்கியதால் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். இடையில் மூன்று முறை உட்கார்ந்தேன். 'தடி இருக்கிறது, சேர்' என்றார் அவர். நாய் எதுவும் துரத்தாமலே தடியை வாங்கிக்கொண்டேன்.

இவ்விகாரை கட்டப்பட்ட ஆண்டு 1344. கட்டுவித்தவர் நான்காம் புவனேகபாகு மன்னனின் பிரதானியான சேனாலங்காதிகாரர். கட்டிய சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதிராயர். ஆதியில் நான்கு மாடங்களுடன் விளங்கியது, மேல்மாடங்கள் இன்றில்லை. கிழக்கு முகமாகப் புத்தர் வீற்றிருக்கிறார். சுற்றியுள்ள தேவ சந்நிதிகளிலே விஷ்ணு, சமன், கணபதி, கந்தன் ஆகியோருடன் விபீஷணனும் வழிபடப்படுகிறான். கம்பனைப் படித்த பிள்ளைகள் விபீஷணனுக்குக் கோயில் உண்டென்று அறிந்தால் எத்தனை கேள்வி கேட்பார்கள்!

அந்த 1344 ஆம் ஆண்டிலேதான் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா இலங்கையில் வந்திறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பல்லக்கும் ஆட்களும் துணையாக யோகிகளும் தந்து சிவனொளிபாத மலைக்கு அனுப்பி வைத்தார். பாறையில் உளி ஒலித்துக்கொண்டிருந்த அந்நாளில் அவ்வழிப்போக்கர் மலைநாட்டுப் பாதை எதிலோ நடந்துகொண்டிருந்தார் என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கிறது.

ஆனால் நான் இத்தனை படியேறி வந்தது அதற்காகவன்று. லங்காதிலகப் பாறையிலே சிங்களத்தில் ஒரு சாசனமும் தமிழில் ஒரு சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 1266 என்பது காலம். விகாரைக்கு வழங்கிய நிலங்களும் கொடைகளும் அவற்றிலே கூறப்படுகின்றன. அறிஞர் பரணவிதான இவற்றைப் படித்து 1960 இல் இலங்கைப் பல்கலைக்கழக இதழில் வெளியிட்டார். தமிழ்ப் பிள்ளைகள் இந்த மண்ணிலே தம் மொழி கல்லில் இருப்பதைக் கண்ணாற் காண வேண்டும். அதற்காகவே இந்நடையைத் தெரிந்தெடுத்தேன். முப்பத்துமூன்று ஆண்டு தமிழ் படிப்பித்தவன்; நானே அதை வாசித்துக் காட்டுவேன் என்று மனத்தினுள் ஒரு பெருமையும் இருந்தது.

விகாரையில் பணிபுரியும் முதியவர் ஒருவர் எங்களைப் பாறையண்டை அழைத்துச் சென்றார். 'மாத்தயா தமிழ் ஆசிரியரா? நல்லது. உங்கள் எழுத்து இதோ இருக்கிறது. வாசியுங்கள், நானும் கேட்கிறேன். இத்தனை காலம் இங்கே இருக்கிறேன். ஒருவரும் எனக்கு வாசித்துக் காட்டியதில்லை' என்றார்.

குனிந்தேன். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டதால் எழுத்தின் பள்ளத்திலே நிழலில்லை. பாறை முழுவதும் ஒரே வெளிறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தேன். ஒரு ககரம் தெரிந்தது. ஒரு மகரம். அதன் பக்கத்தில் ஓர் எழுத்து. தமிழா கிரந்தமா என்று துணிய முடியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். மேலும் இரண்டெழுத்து. சொல்லாகச் சேரவில்லை. இளம் ஆசிரியர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து சில துளி தெளித்தார். சற்று நேரம் கோடுகள் எழுந்து, வெயிலில் உலர்ந்து மறைந்தன. கால்மணி நேரம் முயன்றபின் நிமிர்ந்து, 'என்னால் வாசிக்க முடியவில்லை' என்றேன். பரீட்சையில் தோற்ற மாணவனின் குரல் அது.

முதியவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னர் சிங்களச் சாசனத்தைச் சுட்டிக்காட்டி, 'இது எங்கள் எழுத்து. எனக்கும் வாசிக்க முடியாது' என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். அவர் சொன்னதொன்றை மட்டும் நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். வெயில் சாய்ந்து விழும் காலை வேளையில் வந்தால் எழுத்து நன்றாகத் தெரியுமாம். எட்டு மணிக்குள் வர வேண்டும். அதற்குப்பின் கல் ஊமையாகிவிடும் என்றார்.

திரும்பும்போது இதைப் பற்றியே எங்களுக்குள் வாதம். வழியைத் தலைகீழாக்கி, பிலிமத்தலாவையில் தொடங்கி மாலையில் லங்காதிலகம் சேர்ந்தால் சாய்வெயில் கிடைக்குமே என்றேன். பிற்பகலில் மலைநாட்டு மழையை யார் தடுப்பார் என்றார் அவர். அந்தானை நினைவு வந்தது; வாயை மூடிக்கொண்டேன். முடிவில் விடியற்காலையிலேயே புறப்படுவது, எம்பெக்கையில் தேநீர் அருந்தியவுடன் தேவாலயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வயலில் இறங்குவது என்று தீர்மானித்தோம். தூண்களிடத்தில் நேரத்தைக் குறைக்க எனக்கு மனமேயில்லை. மல்லரும் அன்னங்களும் இன்னொரு நாள் காத்திருப்பார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

லங்காதிலகத்துக்கும் கடலாதெனியாவுக்கும் இடைப்பட்ட வழி அத்துணை இன்பமானதன்று. தார் வீதி, நடைபாதை கிடையாது, முச்சக்கர வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன. பிள்ளைகளை வலப்புறமாக, எதிர்வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒற்றை வரிசையில் நடத்த வேண்டும். ஆயினும் இடையே கிரிவவுல என்ற ஊர் இருக்கிறது. பரம்பரையாகப் பித்தளை வார்ப்போர் வாழும் ஊர். மெழுகிலே உருவஞ் செய்து, களிமண் பூசி, சூளையில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அவ்வெற்றிடத்திலே உருகிய பித்தளையை ஊற்றும் முறை. நம் சுவாமிமலைச் சிற்பிகளின் முறைக்கு உறவு. ஒரு பட்டறையில் குத்துவிளக்கின் அடிப்பாகம் அச்சிலிருந்து வெளிவருவதைக் கண்டோம். குமாரசுவாமி இப்படித்தான் நின்று பார்த்திருப்பார்.

கடலாதெனிய விகாரையும் அதே 1344 இல் எழுந்ததுதான். இது கல்லாலானது. கட்டுவித்தவர் தர்மகீர்த்தி என்னும் பெருந்தேரர், சிற்பி கணேஸ்வராசாரி. பெயரே ஊரைச் சொல்லிவிடுகிறது. முன்மண்டபத் தூண்களிலும் அடித்தளத்திலும் ஆடுவோரும் மேளம் கொட்டுவோரும். தமிழ்நாட்டுக் கோயிலொன்றின் வாசலிலே நிற்பதாகவே தோன்றும். உள்ளே நுழைந்தால் புத்தர் அமைதியாக இருக்கிறார். பக்கத்திலே விஷ்ணுவுக்குச் சந்நிதி. வெளியே நான்கு சிறு கோயில்கள் சூழ, கூரையின் கீழ் நிற்கும் தூபி ஒன்று. அதற்கு விஜயோத்பாய என்று பெயர். இங்குள்ள பாறைச் சாசனம், ஆந்திர நாட்டு அமராவதியிலிருந்த ஈரடுக்குப் படிமக் கோயிலொன்றை இத்தேரர் புதுப்பித்தார் என்று கூறுகிறது. தேரர் இங்கிருந்து அங்கே போனார். சிற்பி அங்கிருந்து இங்கே வந்தார். கடலை ஒரு பொருட்டாகவே அக்காலத்தவர் எண்ணவில்லை போலும்.

பிலிமத்தலாவைக்கு வந்து பஸ் ஏறியபோது மணி மூன்று. பேராதனைக்கு வருமுன்னரே மழை பிடித்துக்கொண்டது. இளம் ஆசிரியர் வெற்றிப் பார்வை பார்த்தார்.

மறுநாள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ப் பரணவிதானவின் கட்டுரையை எடுத்து, தமிழ்ச் சாசனத்தின் வாசகத்தைக் கையாற் பிரதி செய்தேன். கிரந்த எழுத்துகளை வேறு மையில் குறித்தேன். மூன்று இரவுகள் சிறு பிள்ளைபோல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் ஒரு பிரதி அந்த முதியவருக்கென்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

அதிபருக்கு எழுதிய குறிப்பு ஒரு பக்கந்தான். நடக்கலாம். ஆசிரியர் ஐவர் வேண்டும். ஒருவருக்கு ஒரு போத்தல் தண்ணீர், பாணும் சம்பலும், குடை, சவர்க்காரம், உப்பு. சாசனத்தின்மேல் ஒருவரும் சோக்குக்கட்டியால் எழுதிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் தெளித்தல் போதும். படியேற இயலாத ஆசிரியர் ஒருவர் இருப்பதால் அவருக்கு மட்டும் பின்வழியாக முச்சக்கர வண்டி. இக்கடைசி வாக்கியத்தை இளம் ஆசிரியர் எனக்குத் தெரியாமற் சேர்த்திருக்கிறார். நான் அதை அடித்துவிட்டு அனுப்பினேன்.

நேற்று ஆச்சியின் பேரனுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஆச்சியே வாங்கிக்கொண்டார். காலை ஆறரை மணிக்கு 43 பிளேன்டீ என்றேன். அவ்வளவு கோப்பைக்கு விகாரையிலே இரவல் கேட்டிருக்கிறாராம். கருப்பட்டித் துண்டு நாற்பத்துமூன்று போதுமா, பிள்ளைகள் இரண்டாவது துண்டு கேட்பார்களே என்றார். அறுபதாகப் போடச் சொன்னேன்.